பாவடித் தெருவுக்காகச் சாப்பிட்டவள்

சங்கரன்கோவில் பாவடித் தெருவில் யாராவது கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால், எழுந்தவருடைய பசி அவரை விட்டு இறங்கி, வாசற்படி தாண்டி, விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே தெருவோரமாகவே நடந்து, வேப்பமரத்து வீட்டுக்குள் நுழைந்து ஆவுடையம்மாளின் வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். அவள் சங்கரபாண்டியனைக் கட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்த வாரத்திலிருந்தே இது நடந்துவருகிறது. ஏன் அந்தத் தெரு, ஏன் அவள் வயிறு என்று ஆரம்பத்தில் இரண்டொருவர் கேட்டார்கள். மழை தூறினால் கரண்டு ஏன் போகிறது என்று கேட்டு யாருக்காவது பதில் கிடைத்திருக்கிறதா என்று மற்றவர்கள் சொன்னதும் அவர்களும் விட்டுவிட்டார்கள்.

எல்லாப் பசியும் வராது. சஷ்டிக்கும் கிருத்திகைக்கும் விரதம் இருப்பவர்களின் பசி சாமியிடம் போய்விடும். நோன்பு பிடிக்கிறவர்களின் பசி பகலெல்லாம் பத்திரமாக இருந்துவிட்டு சாயங்காலம் அவர்களிடமே திரும்பிவிடும். கோபப் பசிக்குத்தான் போக்கிடம் கிடையாது. "சோறும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்" என்று சொன்ன வாயிடமே திரும்பிப் போக அதற்கும் ரோஷம் இடம் கொடுக்காது அல்லவா. ஆவுடையம்மாள் பிறந்த ஊருக்குப் போயிருந்தாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்துவிடும், கொஞ்சம் களைத்துப்போய், ஆனால் முழு அளவில்.

வந்த பசி யாருடையது என்று அது கேட்கிற பண்டத்தை வைத்தே அவள் சொல்லிவிடுவாள். எதிர்வீட்டுக் குருவம்மாளின் பசி ரசத்துக்குப் பொரித்த அப்பளம் கேட்கும். ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் மேலக்கோடி அண்ணன் தம்பியின் பசிகள் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக வந்து, இரண்டுமே நெத்திலிக் கருவாட்டைத்தான் கேட்கும். சாப்பிடாமல் இருந்து பார்ப்போம் என்று அவளும் முரண்டு பிடித்ததுண்டு. வந்த பசி வயிற்றுக்குள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும், கண் இருட்டிக்கொண்டு வரும், வேறு வழியில்லாமல் அடுப்பைப் பற்றவைப்பாள்.

தெருவுக்கு இது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று கேட்கிறீர்களா? மற்ற தெருக்களில் ஒரு வேளை கோபித்துக்கொண்டு படுத்தவன் மறுவேளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமாதானத்துக்கு வந்துவிடுவான். பாவடித் தெருவில் வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களும் முகம் வாடாமல், பவுடர் போட்டுக்கொண்டு, வீறாப்பாக நடமாடினார்கள். அந்த ஊரிலேயே நீளமான சண்டைகள் அங்கேதான் நடந்தன. மரியாதை தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். "மதினி, இன்னைக்கு எங்க வீட்ல ஒரு சண்டை இருக்கு, கூட ஒரு படி அரிசி வடிச்சிருங்க" என்று குருவம்மாள் வாசலில் நின்றே குரல் கொடுப்பாள். பிறகு அவளே தான் தள்ளிவிட்ட தட்டை மூடி எடுத்துவந்து வைப்பாள். கெட்டுப்போக விடுவதற்கு அவளுக்கும் மனசு வராது.

இப்படியாக மற்றவர்கள் வேண்டாம் என்றதையெல்லாம் சாப்பிட்டு ஆவுடையம்மாள் பெருத்தாள். சங்கரபாண்டியனோ தறிக்கட்டைபோல ஒல்லியாகவே இருந்தார். அவருக்கும் சேர்த்து அவளே சாப்பிடுகிறாள் என்று தெரு கேலி செய்தது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. படுத்தால் அவளுக்கு மூச்சு நின்றுபோகும். அதனால் பல வருஷமாகக் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். குறட்டைச் சத்தம் நிற்கிறபோதெல்லாம் சங்கரபாண்டியன் தோளைத் தட்டி எழுப்புவார். திருநெல்வேலியில் பார்த்த ஆபரேஷன் டாக்டர், இப்படியே விட்டால் ஒருநாள் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டாள் என்று பட்டென்று சொல்லிவிட்டார். வயிற்றைச் சிறிதாக்கினால் பிழைக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் மனநல டாக்டர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடவேண்டும் என்றார்.

"ஒரே ஒரு தடவ பாயில மல்லாக்கப் படுத்து, சுத்துற ஃபேனைப் பாத்துக்கிட்டே தூங்கணும்" என்றாள் ஆவுடையம்மாள் பஸ்ஸில் வரும்போது. அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். சங்கரபாண்டியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனசு டாக்டர் என்றதும் தெரு பதறிவிட்டது. பைத்தியம் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது? ஆளாளுக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். குருவம்மாள் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, "எது கேட்டாலும் சந்தோசமா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க மதினி. பசி விசயத்த மூச்சு விட்டுராதீங்க, கையெழுத்துப் போட மாட்டாங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் நிலோஃபர் பானுவுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் தூக்கம் போதாத கண்கள். "கவலையா இருக்கும்போது அதிகமா சாப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"சந்தோசமா இருக்கேன்" என்றாள் ஆவுடையம்மாள்.

"பசிக்காம சாப்பிடுற பழக்கம் உண்டா?"

"சந்தோசமா இருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது பைத்தியமான்னு பாக்குற பரிசோதனை இல்லம்மா. ஆபரேஷனுக்கு அப்புறம் வயிறு சின்னதாயிடும், ஆனா மனசு பழைய அளவுலயே இருக்கும். ரெண்டுக்கும் சண்டை வராம இருக்கணும். அதுக்காகத்தான் கேக்கறேன்."

அப்படிப் பரிவாகக் கேட்டதில் ஆவுடையம்மாளின் வாய் திறந்துகொள்ளப் பார்த்தது. அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. அவள் வயிற்றுக்குள் புதிதாக ஒரு பசி வந்து உட்கார்ந்தது. பாவடித் தெருப் பசி அல்ல, வெளியாள் பசி ஒன்று அவளிடம் வருவது இதுதான் முதல் தடவை. அந்த நடையே வேறு. அது கேட்ட பண்டத்தை நினைத்து அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று.

"ஐயோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஈரல் கேக்குதே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். "இடியாப்பமும், மொளகு போட்ட ஈரலும். டாக்டரம்மா, காலையில சாப்பிடாம வந்தது யாரு?"

டாக்டர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நான்தான். எங்க வீட்டுக்காரரோட சண்டை. டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து நர்ஸம்மா மேசையில வச்சிட்டுப் போயிருக்காரு. தொடலை."

"தொடுங்கம்மா. எனக்குத் தாங்கல."

டாக்டர் டிபன் பாக்ஸை வாங்கிவந்து நோயாளியின் முன்னாலேயே திறந்தார். முதல் வாய் வேண்டாவெறுப்பாக இறங்கியது, இரண்டாவது வாய் நன்றாகவே இறங்கியது, மூன்றாவது வாய்க்குள் வீட்டுக்காரர் மேலிருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. ஆவுடையம்மாளின் வயிற்றில் இருந்த பசி எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போகிற விருந்தாளிபோல, வந்த வழியே போய்விட்டது. அதன்பிறகு மறைக்க என்ன இருக்கிறது? தெரு முழுவதையும் சொல்லிவிட்டாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "உங்க மனசு நல்லா இருக்கும்மா. உங்க தெருவைத்தான் சோதிக்கணும். ஆபரேஷன் முடிஞ்சா உங்க வயிறு ஒரு சின்ன வாழைப்பழம் அளவுதான் இருக்கும். அதுல ஒரு தெருவே வந்து ஏறுனா தையல் தாங்காது. தெரு தன் பசியைத் தானே பாத்துக்கணும். இன்னொண்ணு, வர்றதெல்லாம் அடுத்தவங்க பசின்னா, உங்க பசி எது? அதைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க. அன்னைக்குக் கையெழுத்து."

ஆவுடையம்மாள் யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் பசியின் பெயரும் தெரிந்தவளுக்குத் தன்னுடையது எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை, அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரே பாவடித் தெருவுக்கு வந்தார். தறிகளை நிறுத்திவிட்டு, நெசவாளர் சங்கக் கட்டடத்தில் தெரு முழுக்கக் கூடியது. ஆவுடையம்மாளிடம் கேட்ட கேள்விகளையே ஒவ்வொருவரிடமும் கேட்டார். கோபம் வந்தால் சாப்பிடுவீர்களா மாட்டீர்களா, சாப்பிடாவிட்டால் யாருக்கு வலிக்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள், கடைசியாக எப்போது பசித்தது. கடைசிக் கேள்விக்குப் பெரியவர்களே தலையைச் சொறிந்தார்கள்.

குருவம்மாள் மட்டும் எழுந்து நின்றாள். "சண்டைன்னா சோத்தை வேண்டாங்கணும்லா டாக்டரம்மா? சாப்பிட்டுட்டுச் சண்டை போட்டா எவன் மதிப்பான்?"

"சாப்பிடாம எவ்வளவு நேரம் கத்த முடியும் உங்களால?"

"ஒரு மணி நேரம் கத்துவேன்."

"சாப்பிட்டா?"

குருவம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவள் கண் விரிந்ததைத் தெருவே பார்த்தது. சாப்பிட்டுவிட்டுச் சண்டை என்பது அன்றைக்குக் கைதட்டி முடிவாயிற்று. ஆவுடை பிழைக்கவேண்டும் என்பதற்காகவா, தெம்பாகச் சண்டை போடலாம் என்பதற்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான் என்பார்கள், அதில் பொய்யில்லை.

முதல் வாரம் தெரு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எப்போதும்போல் தட்டைத் தள்ளப்போனவர்கள் ஆவுடையம்மாளை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டார்கள். பழக்கத்தில் தள்ளியே விட்டவர்களும், கிளம்பிய பசியை வாசலில் ஓடிப்போய் மறித்து, வா வா என்று திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பல வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பசியை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வாயுப்பிடிப்பு என்று நினைத்து இஞ்சி சோடா குடித்தார்கள். ஒருவர் தனக்குக் காலம் முடிந்துவிட்டது என்று மகளுக்குப் போன் போட்டு வரவழைத்து, அவள் கையால் இரண்டு தோசை சாப்பிட்டதும் எழுந்து வேலைக்குப் போனார். சண்டைகள் வாயில் சோற்றோடு நடந்தன. "உப்பே இல்ல, இதெல்லாம் ஒரு கொழம்பா!" "திங்க மட்டும் தெரியுதுல்லா, தின்னு!" "இன்னும் கொஞ்சம் ஊத்து, பேசுதேன்!" இரண்டாவது கரண்டி விழும்போது சண்டையின் நுனி எங்கே என்று இருவருக்குமே மறந்துபோகும். மேலக்கோடி அண்ணன் வீட்டில் நெத்திலி வறுத்த அன்று தம்பி வீட்டில் கருவாடு தீர்ந்திருந்தது. தன் பசியைத் தானே தாங்கவேண்டி வந்த தம்பி நடுச்சுவருக்கு மேலே ஒரு காலித் தட்டை நீட்டினான். அது நிறைந்து திரும்பி வந்தது. பேச்சு அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் தொடங்கியது என்றாலும், தட்டு தினமும் போய்வந்தது.

ஆவுடையம்மாளின் வயிறு வீடு வீடாக அடங்கியது, கரண்டு போன நேரத்தில் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நிற்பதுபோல. அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே நூல் சுற்றினாள். ஒன்று மட்டும் நிற்கவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கிய பிறகு, ஒரு பசி சத்தம் போடாமல் வரும். எங்கிருந்தோ நடந்து வந்ததுபோலத் தெரியாது. பக்கத்திலேயே இருந்ததுபோல இருக்கும். அவளுக்கு ஒரே பூரிப்பு. இதுதான் என்னுடையது, தெருக்கூட்டத்தில் இத்தனை நாள் தெரியாமல் போயிருக்கிறது என்று நினைத்து, அதற்கு வாஞ்சையோடு சோறு போட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டேன் டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அறைக்குள் நுழைந்தாள்.

"அப்படியா? என்ன கேக்குது உங்க பசி?"

"சுடுசோத்துல சுண்டவத்தல் கொழம்பு. தினமும் அதுதான்."

"சுண்டவத்தல்னா உங்களுக்கு ரொம்ப இஷ்டமோ?"

"எனக்கா? ச்சீ, கசக்கும்லா. எனக்குன்னு நான் சின்னப் பிள்ளையிலருந்தே அதைத் தொட்டதில்ல. எங்க வீட்டுல அவுகதான்..."

சொல்லிவந்தவள் நிறுத்திவிட்டாள். டாக்டர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் சங்கரபாண்டியன் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வாங்கண்ணே. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"சோறுதான். நல்லா சாப்பிட்டேன்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

ஆவுடையம்மாள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். "என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. "பின்வாசல் மாட்டுக்கு வச்சிருவேன்" என்றார் கடைசியில். "நீ அந்தப் பக்கம் போனதும் அள்ளி வச்சிருவேன். ராத்திரி ஆயிட்டா எனக்கு இறங்க மாட்டேங்குது ஆவுடை. நீ மூச்சு விடுதியா, இல்லையான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். ஒரு வாய் எடுத்தா, இந்த வாய் முழுங்குறதுக்குள்ள நின்னுபோயிட்டான்னா என்ன செய்யன்னு தோணுது. எப்படிட்டி இறங்கும்?"

கோபத்தில் வேண்டாம் என்பவர்களின் பசிதான் வரும் என்று தெரு நம்பிக்கொண்டிருந்தது. பயத்தில் வேண்டாம் என்பவரின் பசியும் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் பெருக்கிறாளே என்று அவர் சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாததை அவள் சாப்பிட்டாள். அவள் இன்னும் பெருத்தாள். அவர் இன்னும் பயந்தார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் பிரியத்தால் ஒருவரையொருவர் இப்படிச் செக்கு சுற்ற வைத்திருக்கிறார்கள். ஆவுடையம்மாள் அவரைத் திட்டலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். "மாடு என்ன பாவம் பண்ணிச்சு, அதுக்கு எதுக்கு சுண்டவத்தல்!" என்று அழுதுகொண்டே கேட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் சுண்டவத்தல் குழம்பு கிடையாது, சாம்பார் சாதம்தான் இருந்தது. ஒரு பக்கம் பெண்டாட்டியும் ஒரு பக்கம் டாக்டரும் காவல் இருக்க, சங்கரபாண்டியன் சாப்பிட்டார். தயங்கித் தயங்கி ஆரம்பித்தவர், கடைசியில் இலையை வழித்தார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அவருடைய பசி ஆவுடையம்மாளின் வயிற்றிலிருந்து எழுந்து, போகவா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, போயிற்று.

அதன்பிறகு அவள் வயிற்றில் ஒன்றுமே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதில்லை. பயந்துபோய் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, உள்ளே ஒரு மூலையிலிருந்து, கூட்டம் கலைந்ததா என்று எட்டிப்பார்ப்பதுபோல, மிகச் சிறிய பசி ஒன்று வெளியே வந்தது. கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டது.

"கொய்யாக்கா" என்றாள் ஆவுடையம்மாள். "செங்காயா. உப்பும் மொளகாப்பொடியும் வச்சு."

ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டிக்காரி ஒருத்தி கொய்யா வைத்திருந்தாள். சங்கரபாண்டியன் ஓடிப்போய் வாங்கிவந்து நீட்டினார். அவள் கடித்தாள். உறைப்பில் மூக்கில் நீர் வந்தது, பல் கூசியது, அவள் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. பாதிக் காய் சாப்பிட்டதும் கை தானாக நின்றது. மீதியை அவர் கையில் கொடுத்தாள்.

"போதும்" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளே அதை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் நிலோஃபர் கேன்டீன் மேசையிலேயே கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று ஒரு புதிய சங்கடம் வந்தது. ஆவுடை பிழைக்கவேண்டுமே என்ற கவலையில் தெருவில் ஒருத்தருக்கும் சோறு இறங்கவில்லை. கவலைப் பசியும் போய்ச் சேரும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஒரு தெருப் பசியும் திருநெல்வேலி பஸ் ஏறிப் போய்க் கத்திக்கு அடியில் இருக்கிற வயிற்றில் ஏறினால் என்ன ஆவது? குருவம்மாள்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சங்கக் கட்டட வாசலில் அடுப்பு மூட்டி, தெரு முழுக்கப் பந்தி விரித்தாள். "இறங்குதோ இறங்கலியோ, முழுங்குங்க! அழுதுக்கிட்டே முழுங்குங்க! ஒரு பருக்கை மிச்சம் வச்சா மதினி வயித்துல போய்க் குத்தும்!" அழுதுகொண்டே சாப்பிட்டார்கள், வேண்டிக்கொண்டே சாப்பிட்டார்கள், அண்ணன் தம்பிக்கு ஊட்டினான், கண்ணீரில் ரசம் கரித்தது, குருவம்மாள் அப்பளத்தைப் பொரித்துப் பொரித்துப் போட்டாள். அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் சங்கரபாண்டியன், ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்துத் தள்ளிக்கொண்டு, இட்லிக்கு மேல் இட்லியாகச் சாப்பிட்டார். எதிரில் நின்று டாக்டர் நிலோஃபர் சட்னி ஊற்றினார். ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டர், இவ்வளவு அமைதியான வயிற்றை நான் பார்த்ததே இல்லை என்றார்.

ஆவுடையம்மாள் வீட்டுக்கு வந்தாள். கஞ்சித்தண்ணீர்க் காலம் முடிந்து, குழைந்த சோற்றுக் காலமும் முடிந்து, உடம்பு மெல்ல மெல்ல இறங்கியது. நாற்காலியைக் குருவம்மாள் வாங்கிக்கொண்டு போனாள், உட்கார்ந்து சண்டை போட. ஒருநாள் ஆவுடையம்மாள் பாயை உதறி விரித்தாள். மல்லாக்கப் படுத்தாள். ஃபேன் சுற்றியது. தோளைத் தட்டுவதற்குத் தயாராகப் பக்கத்தில் உட்கார்ந்த சங்கரபாண்டியன், அவள் மூச்சு சீராக வந்துபோவதைக் கேட்டுக் கேட்டு, உட்கார்ந்தபடியே சாய்ந்து, அவளுக்கு முன்னால் தூங்கிவிட்டார். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவளும் தூங்கினாள்.

விடிந்து, பால்காரர் மணி அடித்துப் போய், தறிகள் ஓட ஆரம்பித்த பிறகுதான் இருவரும் விழித்தார்கள். சங்கரபாண்டியன் எழுந்து உட்கார்ந்து, வயிற்றைத் தடவி, ஏதோ அதிசயத்தைக் கண்டவர்போல அவளைப் பார்த்தார்.

"ஆவுடை, எனக்குப் பசிக்குதுட்டி."

"அப்படியா?" என்றாள் அவள். அவர் சொல்லித்தான் அது அவளுக்குத் தெரிந்தது.